எந்த மொழியில் பேசுவது

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் நிலையத்தில், பயிற்சி தொடங்குமுன் ஒரு நாள் பெற்றோரை மட்டும் வரச் சொல்வோம். குழந்தையை வைத்துக்கொண்டே அதன் குறைகளைப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பேசாத குழந்தைக்குக் காதும் கேட்காது என்பதுபோலத்தான் பெரியவர்கள் பலர் நடந்துகொள்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பதி கழக்கூட்டத்தில் வாடகை ஃபிளாட்டில் இருந்தார்கள். கணவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், ஐ.டி. பார்க்கில் வேலை. மனைவி திருநெல்வேலிக்காரர், கல்யாணமாகி இங்கே வந்தவர். மகளுக்கு மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்டது, சொன்னது புரிந்தது. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். சொல் மட்டும் வரவில்லை.

கணவர் லேப்டாப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, எத்தனை செஷனில் பேசுவாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். யாருக்கும் பிடிக்காத பதில் அது. முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் வருத்தம் குறையும். நான் அவளோடு இருக்கப்போவது கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் அவள் உங்களோடு இருக்கிறாள், ஆகவே பயிற்சியில் பாதி உங்களுக்கு என்றும் சொன்னேன்.

வீட்டில் என்ன மொழி என்று கேட்டதற்கும் அவரே பதில் சொன்னார். பிளேஸ்கூலில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று இருந்ததால்தான் பிள்ளை குழம்பிவிட்டது என்று தெரிந்தவர்கள் சொன்னார்களாம். அதனால் கொஞ்ச காலமாக வீட்டில் ஆங்கிலம் மட்டும்.

அதுவரை பேசாமல் இருந்த மனைவியிடம், பகலில் நீங்களும் மகளும் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசுறதில்ல மேடம்," என்றார். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தப்பா பேசி பிள்ளைக்கு இன்னும் கெடுதலாயிரக் கூடாதுன்னு பேச்சையே விட்டுட்டேன்."

கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இரண்டு மூன்று மொழிகளைக் கேட்பதால் ஒரு குழந்தையின் பேச்சு நின்றுவிடாது என்று விளக்கினேன். உங்களுக்குத் தானாக வருகிற பேச்சில் பேசுங்கள். சோறு ஊட்டும்போது, துணி உலர்த்தும்போது, செய்வதையே சொல்லிக்கொண்டிருங்கள். பதில் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

"அப்ப என்னாலதான் அவ பேசலையா?" என்று கேட்டார் மனைவி.

"இல்ல. காரணம் முழுசா யாருக்கும் தெரியாது. ஓயாம பேசுற வீட்டுலயும் இப்படிப் பிள்ளைங்க உண்டு."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பின்னும் பலமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன்.

பிறகு அவர்களுக்கு அறையைக் காட்டினேன். ஊஞ்சல், பாய், பொம்மைக் கூடை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தினமும் மகளிடம் காட்டுங்கள், அம்மாவும் கூடவே உட்காருவாள் என்று சொல்லுங்கள், ஊசி போடுவார்கள் என்று விளையாட்டுக்குக்கூடப் பயமுறுத்தாதீர்கள். முதல் நாள் அழுதால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நாள் வந்தபோது மகள் அழவில்லை. அறை வாசலில் நின்றாள். அம்மா பாயில் உட்கார்ந்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி மெல்லத் தொடங்கினார். "இந்தா பாரு, போட்டோவுல பாத்தோம்லா, அந்த ஊஞ்சல்." கொஞ்ச நேரத்தில் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். மகள் போய் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்று நடந்தது அவ்வளவுதான்.

பல மாதங்கள் அப்படியே போயின. ஒரு சனிக்கிழமை மனைவி வெளியே உட்கார்ந்துகொள்ள, கணவர் உள்ளே வந்திருந்தார். மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டே, இன்னும் ஆட்டச் சொல்லிக் கேட்பதற்கு "மோர், மோர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். அவள் காலைத் தரையில் ஊன்றி, "மதி" என்றாள்.

போதும் என்பதற்கு மலையாளச் சொல். பிளேஸ்கூல் ஆயா சாப்பாடு போடும்போது கேட்டதாக இருக்கலாம்.

"மேடம், இது மலையாளமில்லா?" என்று கேட்டார்.

"ஆமா. போதும்ங்கறா. நிறுத்துங்க."

அவர் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினார். வெளியே போய் மனைவியை அழைத்துவந்தார். அன்று அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அம்மா கேட்காமலே போயிற்று. அடுத்த வாரம் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாளாம்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவிடம் திருநெல்வேலித் தமிழ், வகுப்பில் மலையாளம். அப்பாவிடம் இரண்டும் கலந்து பேசுகிறாள். வாக்கியங்கள் சின்னவைதான். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சில சொற்கள் புரிவதில்லை. அதற்காக இன்னும் வருகிறார்கள். அம்மா கூடவே பாயில் உட்காருகிறார்.