வாசலோடு நின்ற காலடி

“சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாதுன்னு எத்தன தடவம்மா சொல்றது...”

“யாருய்யா நடந்தா? நான் உள்ள உலை வச்சுக்கிட்டு...”

“பெட்டி பொய் சொல்லாதும்மா! தினமும் வாசல் வரைக்கும் வந்து...”

“அப்ப நான் பொய் சொல்றேங்கீகளா? இந்த வீட்டுல நான் ஒருத்தி. என்னய விட்டா ஒரு கோழி கெடையாது!”

படிப்பவர்கள் சிரிக்கலாம். இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. போன மாசியில், எம். புதுப்பட்டியில், என் வீட்டு வாசலில் நடந்தது இது.

சண்டைக்கு வந்தவர் தருண்குமார். விருதுநகர்க்காரர். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராய்கிறவர். என் வாசல் நடைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, நில அதிர்வைப் பதியும் பெட்டியைப் புதைத்திருந்தார். கடலுக்கு அப்பால் எங்கோ பூகம்பம் வந்தால், அந்த அதிர்வு பூமியின் அடிவழியாக இங்கே வருமாம். அதை வைத்து ஆழத்தைப் படம் பிடிப்பார்களாம்.

“ஒரு காலத்துல இங்க பெரிய மலைத்தொடர் இருந்துச்சும்மா. தேஞ்சு போச்சு. அதோட வேர் மட்டும் அடியில கெடக்கு. அதத்தான் தேடுறோம்.”

“மலையே போன பெறகு வேர் கெடந்து என்னய்யா செய்யும்?”

“கெடக்கும்மா. அம்புட்டுதான்.”

அன்று சண்டை முற்றி, “அப்ப இங்கனயே இருந்து பாத்துட்டுப் போங்க” என்றேன். பெட்டியோடு கணினியை இணைத்துவிட்டு, என் வீட்டுக்குள் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. தெரு முழுக்கத் தெரிந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை.

ஆறு பத்து. பட்டாசுக் கம்பெனி வேன் தெருமுனையில் ஆட்களை இறக்கிவிடும் நேரம்.

திரையில் கோடு துள்ளியது.

“வருது...”

வாசலைப் பார்த்தேன். யாருமில்லை.

மறுபடியும் துள்ளல். இன்னும் பெரிதாக.

“நடைதான். கிட்ட வருதும்மா...”

தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

கோடு அடங்கியது.

ட்டப்.

திரையில் துள்ளும்போதே என் காதிலும் விழுந்தது. கதவு நிலையை உள்ளங்கையால் தட்டும் சத்தம்.

ட்டப்... ட்டப்...

எனக்கு அந்தக் கை தெரியும்.

என் மகள் அழகுமீனா, பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள். அந்த அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டால்தான் உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். தொடாமல் போனால், ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில் வீட்டு நிலையையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைவாள்.

“இதென்ன மருந்து ரூமாடி?”

“ஒன்னய எரிச்சுப்புட்டா எனக்குச் சோறு யாரு போடுவா?”

அவள் போய் இரண்டு வருடம். அந்த அறையோடு போனாள். பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள்.

இப்போது ஒரு தட்டோடு நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்...

பிறகு அமைதி.

“போயிருச்சாய்யா?”

தருண்குமார் பழைய பதிவுகளைப் பின்னால் ஓட்டினார். முந்தின நாள். அதற்கும் முந்தின நாள்.

“உள்ள வந்த அடி இல்ல... திரும்பிப் போன அடியும் ஒருநாள்கூட இல்லம்மா.”

மறுநாளே பெட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மீனாவோடு வேலை பார்த்து உயிர் தப்பிய பொன்மணியிடம் இதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“ஒங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன் பெரியம்மா. அன்னைக்கு அந்த வாசல்ல தகடே இல்ல. பெயிண்ட் அடிக்கக் கழட்டுனவுக திருப்பி மாட்டல. மீனா வெறுஞ்சுவத்தத் தட்டிட்டுத்தான் உள்ள போனா.”

என்னை எரித்துவிடுவோமோ என்று பயந்து, என் நடையைத் தாண்டாமல் நிற்கிறாள்.

விருதுநகரில் செம்புத் தகடு வாங்கிவந்து நானே நிலையில் அறைந்தேன். அதிலிருந்து மண்ணுக்கு ஒரு கம்பியும் இறக்கினேன்.

பெட்டி இல்லை. அவள் உள்ளே வந்தாளா என்று சொல்ல இனி யாருமில்லை. ஆறு பத்துக்குக் கதவை அகலத் திறந்து வைக்கிறேன்.

“தகடு மாட்டிட்டேன் தாயி. தொட்டுட்டு உள்ள வா... சோறு ஆறுது.”