காய்ந்த சட்டை

வெயிலை அளக்க விச்சுவிடம் இருந்த ஒரே கருவி அவருடைய சட்டையின் முதுகுதான். சென்னையில், மாம்பலத்தில் வளர்ந்தவர். முதுகு தொப்பலாக நனைந்தால்தான் அவருக்கு அது வெயில். வங்கி வேலை புனேவுக்கு இழுத்துவந்து, ஓய்வுபெற்று அங்கேயே ஔந்த் பகுதியில் ஃபிளாட் வாங்கிய பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

மார்ச்சிலேயே வானிலை அறிவிப்பு வந்துவிட்டது. இந்த வாரம் வறண்ட அனல் வீசும், நடுப்பகலில் வெளியே போகாதீர்கள் என்றது.

"ஏன்னா, காய்கறிதானே, சாயந்தரமா வாங்கிக்கலாமே," என்றாள் மனைவி சரசா.

"மெட்ராஸ் கத்திரி வெயிலையே பார்த்தவன்டி நான். இந்த ஊர் வெயில்ல வேர்க்கக்கூட வேர்க்காது!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்த காற்று, வேர்வை சட்டையைத் தொடுமுன்பே அதைக் குடித்துவிட்டது.

திரும்பி வந்தவர் வாசலிலேயே முதுகைக் காட்டினார். "தொட்டுப் பாரு. பொட்டு ஈரம் இருக்கா?"

சரசா தொட்டாள். ஈரம் இல்லைதான். ஆனால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நின்னுண்டே இருக்கியே, சீக்கிரம் வாடி," என்றார் அவர். "மாம்பலம் வந்துடுத்து. இறங்கணும்."