பாய்லர் குடித்த பொடி

'ஆய்வின் அறிவுரைகளை அணுவளவும் பிசகாமல் பின்பற்றிய முன்மாதிரிப் பங்கேற்பாளர். நல்ல நுண்ணுயிரிகளின் உற்ற நண்பர்' என்று, அவர் சிரிக்கும் படத்துக்குக் கீழே மருத்துவமனையின் கையேடு சொல்கிறது. படத்தில் இருப்பவர் அவர்தான். அந்த மட்டில் கையேடு உண்மை.

அதே மருத்துவமனையின் கிருமிநீக்க அறையில் கத்தியையும் கத்தரிக்கோலையும் நீராவியில் வேகவைப்பது அவர் உத்தியோகம். எல்லாரும் பாய்லர் என்றே கூப்பிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிருமி தேடுகிற மனிதர். வயிற்றுக்கும் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று, அது மசியவில்லை. பல வருஷத்து மலச்சிக்கல். வீட்டிலோ ஒரே கழிப்பறை. காலையில் அவர் தாழ் போட்டால், மனைவியும் மகளும் தோளில் துண்டோடு வெளியே தவம் கிடப்பார்கள்.

"உள்ள என்ன, குடித்தனமா நடத்துறீங்க?"

"அவசரப்படுத்தினா வர்றதும் நின்னுடும்டி!"

பொறுக்கமாட்டாமல் மனைவிதான் அவரை மருத்துவமனையில் நடந்த மலச்சிக்கல் ஆய்வில் சேர்த்துவிட்டாள். ஆய்வை நடத்திய டாக்டரம்மா ஒரு பொட்டலத்தைக் காட்டி விளக்கினார்: "இது சின்பயாட்டிக். குடலுக்கு நல்லது செய்ற கிருமி இதுல உயிரோட இருக்கு. அது தின்னு வளர நார்ச்சத்தும் கூடவே இருக்கு. பச்சைத் தண்ணியில கலக்கிக் குடிங்க. சூடு மட்டும் கூடாது, கிருமி செத்துடும்."

கடைசி வார்த்தைதான் அவர் மனதுக்கு இதமாக இருந்தது. ஆயுள் முழுக்க யாரை ஒழிக்கச் சம்பளம் வாங்கினாரோ, அவர்களைக் கோடிக்கணக்கில் வாய் திறந்து வரவேற்பதாவது! வீட்டுக்கு வந்ததும் பொடியைக் கரைத்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடித்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமானது.

"உயிரோட குடிக்கச் சொன்னதை வேகவச்சுக் குடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி.

"நல்ல கிருமின்னு அதோட நெத்தியில எழுதியா ஒட்டிருக்கு?"

வேடிக்கை என்னவென்றால், குணம் தெரிந்தது. சில வாரங்களில் வயிறு சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது. உள்ளே போனவர் போன சுருக்கில் வந்தார். மகள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போனாள். மனைவிதான் காலை நேரத்துச் சண்டைக்கு விஷயம் கிடைக்காமல் திண்டாடினாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மலப் பரிசோதனையில் மட்டும், கொடுத்த கிருமியின் சுவடே தென்படவில்லை. "அதுவும் ஒரு அதிசயம்தான்," என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு கையேட்டை அச்சுக்கு அனுப்பிவிட்டார். வெளியீட்டுக் கூட்டத்தில் பாய்லர் பேச வேண்டும் என்றார். முன்மாதிரிப் பங்கேற்பாளருக்கு, ஆய்வு முடிந்த பிறகும் பொட்டலம் வந்துகொண்டிருக்குமாம்.

"உண்மையைச் சொல்லிடவா?" என்று வீட்டில் கேட்டார்.

"சொல்லுங்க. பொட்டலம் நின்னதும் மறுபடி நாங்க துண்டைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம்."

கூட்டத்தில் முன்வரிசை முழுக்க அவரைப் போல் முக்கி முனகி வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒரு தபால்காரர் எழுந்தார். "அண்ணே, அப்படியே பச்சைத் தண்ணியில குடிச்சுத்தானே உங்களுக்குச் சரியாச்சு?"

டாக்டரம்மா தலையசைத்தார். மனைவி முறைத்தாள். பாய்லர் தன் வேலையில், வேகாத கருவித் தட்டின் மேல் வெந்தது என்று ஒருநாளும் சீட்டு ஒட்டியதில்லை. இப்போது வெந்ததை வேகாதது என்று ஒட்டச் சொல்கிறார்கள்.

"இல்ல தம்பி. கொதிக்க வச்சுத்தான் குடிச்சேன். தினமும்."

அரங்கில் சலசலப்பு. "அப்ப குணமாக்கினது கிருமியா, நாரா?" என்றார் தபால்காரர்.

"அதைச் சொல்ல இவர் ஒருத்தர் போதாது," என்றார் டாக்டரம்மா. கையேட்டுக்கு அந்த ஒருத்தர் தாராளமாகப் போதுமானவராக இருந்தார்.

பாய்லர் பையில் மீதமிருந்த பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினார்.