கல்லூரி முகவரிக்கு வந்த மூன்று கடிதங்கள்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு உலைக்காரி என்று பெயர். தொள்ளாயிரம் டிகிரியில் வேகும் பீங்கான் வில்லைகளுக்குப் பக்கத்தில் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். கட்டுரை வெளியானால் பேராசிரியர்களுக்குப் பெயர். இவளுக்குக் கடைசி வரியில் ஒரு நன்றி. அதுவும் மறக்காமல் இருந்தால்!

முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் அப்பா படுத்த படுக்கை, அதனால் மாத உதவித்தொகையோடு கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் குதிரைக்கொம்பு. சாப்பாட்டு நேரத்தில் உலகத்துப் பேராசிரியர்களுக்கெல்லாம் எழுதினாள். யாருக்கு, எந்தத் தேதியில் என்று நோட்டில் குறித்து, ஒரு மாதம் பார்த்துவிட்டு எதிரே 'பதில் இல்லை' என்று எழுதுவாள். நூற்றுப் பதினாறு வரி அப்படி. சாயங்காலம் அப்பா கேட்பார்: "பதில் வந்துச்சாம்மா?"

"முப்பத்தாறு வயசுல யாருடி எடுப்பா?" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். என் நாக்கில் சனி.

"உலை என்ன வயசு கேட்டுட்டா சூடாகுது? போடி" என்று சிரித்தாள்.

நூற்றுப் பதினேழாவதில் மூக்கை நுழைத்தவள் நான். சொந்த மெயிலில் அனுப்பப் போனவளைத் தடுத்தேன். "இதுல அனுப்பினா யாரு மதிப்பா? காலேஜ் ஐடியைப் போடு."

போட்டாள். கணினி வழியே நேர்காணலும் நன்றாக நடந்தது. அந்த மாதக் கடைசியில் கல்லூரி அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கிளம்பிய அன்றே மெயில் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். முகவரி மாறியதை அந்தப் பேராசிரியருக்குச் சொல்ல வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. வேலை போன கலக்கம் அவளுக்கு. எனக்கு என்ன கேடு? ஒரு மாதம் கழித்து, பழக்கதோஷத்தில், அந்த வரிக்கு எதிரேயும் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, பழைய அளவீடுகள் சில வேண்டும் என்று வந்தாள். கணினிப் பிரிவுக்காரர் பாவம் பார்த்து, பூட்டிய கணக்கை அரை மணி நேரம் திறந்துவிட்டார். உள்ளே மூன்று கடிதங்கள். முதலாவது: உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உதவித்தொகை நான்கு வருடம். இரண்டாவது: இன்னும் விருப்பம் உண்டா? மூன்றாவது: விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம், வேறொருவரைச் சேர்த்துவிட்டோம்.

நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மூன்றையும் படித்தேன். அவள் முதல் கடிதத்தை மட்டும் அச்செடுத்து மடித்தாள்.

"அப்பாகிட்ட காட்டணும்."

"மத்த ரெண்டும்?"

"அவருக்கு எதுக்குடி அது?"

வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீ சொன்னது சரிதான்டி. காலேஜ் ஐடி போட்டதாலதான் மதிச்சு மூணு தடவை எழுதியிருக்காங்க."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.