கொட்டிவிட்ட மழை

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை அளந்தவன் நான். கண்டியில் வானிலை பற்றி மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு மிஸ்தான் மழைமானியை வைத்தார். எவ்வளவு மழைக்கு மலை சரியும் என்பது அவருடைய ஆராய்ச்சி.

"உள்ள இருக்குற போத்தல் வழிஞ்சா, வெளித் தகரத்துல நிக்கிற தண்ணியையும் அளக்கணும் அண்ணே" என்று முதல் நாளே சொன்னார்.

அடைமழை பெய்த ஒரு காலை போத்தல் வழிந்திருந்தது. கால் முழுக்க அட்டை கடித்தது. போத்தலை மட்டும் அளந்தேன். தகரத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

மலை சரியுமோ என்று லயத்து வரிசை வீட்டுச் சனம் மூட்டை கட்டி நின்றது.

"மிஸ் என்னா சொல்லுது? பள்ளிக்கூடத்துக்குப் போயிருவமா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா.

போனில் அளவைச் சொன்னேன். மிஸ் கணக்குப் பார்த்தார்.

"இன்னும் பயமில்ல அண்ணே. பின்னேரம் பாப்போம்."

"அப்ப சோத்த ஆக்கிர்றேன்" என்று செல்லம்மா உள்ளே போனாள்.

மத்தியானத்துக்குள் மலை இறங்கியது. அவளையும் இரண்டு பிள்ளைகளையும் மறுநாள்தான் தோண்டி எடுத்தோம்.

மிஸ் வந்து கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஆனால் விசாரணையில், "இவருக்கு நான் சரியாச் சொல்லிக் குடுக்கல. பிழை என்னோடது" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

அவர் படிப்பை விட்டுவிட்டார். செல்லம்மாவின் புருஷன் இன்றைக்கும் அவரைத்தான் ஏசுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதை யாராவது அவனுக்குப் படித்துக் காட்டட்டும்.