அப்பா சொல்லாமல் போன பாஸ்வேர்டு

அயர்லாந்தில் எனக்கு மதிய உணவு இடைவேளை வரும் நேரத்தில் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரில் வெயில் சாய்ந்துவிடும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில், மைக்ரோவேவுக்குள் சோறு சுற்றிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் இருக்கும் போன் அதிரும். ‘கேட் அருகே ஒரு நபர் தென்படுகிறார்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த நபர் என் அம்மா. எங்கள் வீட்டுக் கேட்டின் கொண்டியில் கைவைத்து, இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நிற்பாள். நான் உடனே அவளைப் பார்த்துக்கொள்ளும் லீலாவைக் கூப்பிடுவேன். லீலா முற்றத்துக்கு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது வரை போனில் பார்த்துவிட்டு, சோற்றை எடுத்துச் சாப்பிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் ஏதோ தொடர் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு கட்டத்தில் அது பல் தேய்ப்பதுபோல் வழக்கமாகிவிட்டது.

எங்கள் வீடு உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அப்பா இருந்தவரை அம்மாவின் மறதி எங்களுக்கு ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது, ஆபத்தாகத் தெரியவில்லை. சட்டியை அடுப்பில் மறப்பாள், உப்பை இரண்டு தடவை போடுவாள், அப்பா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். போன வருடம் அப்பா மாரடைப்பில் போனபிறகுதான் அவர் எவ்வளவு மறைத்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே, அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா அவருக்குச் சாயா ஆற்றிவைத்தாள். நான் ஒரே மகள். விடுப்பு முடிந்து திரும்பவேண்டிய நிலையில், கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து லீலாவை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வைத்தேன். பெரியப்பாவின் மகன் சசியண்ணன் அடுத்த வளவில்தான் இருக்கிறான், வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். அவன் தினமும் ஒருமுறை வந்து எட்டிப்பார்ப்பான். மூன்றாவது ஆள் கேட்டையும் முற்றத்தையும் காட்டும் கேமராக்கள். அப்பா கள்வனுக்குப் பயந்து வைத்தவை. கடைசியில் அவை அம்மாவுக்குக் காவல் நின்றன.

ஐப்பசியில் வரும் துலா மாதத்து இடியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மதியத்துக்குமேல் மலைப்பக்கம் கறுத்தால் டிவியின் வயரைப் பிடுங்கி வைப்பது எங்களுக்குக் கதவைச் சாத்துவதுபோன்ற காரியம். அன்றும் லீலா டிவியைப் பிடுங்கியிருந்தாள். மூலையில் இருந்த மோடம் அவள் நினைவுக்கு வரவில்லை. ஒரே மின்னல் வெட்டில் அது கருகிவிட்டது. இங்கே என் போனில் எங்கள் முற்றம் இருந்த இடம் கறுப்பாகி, ‘இணைப்பு இல்லை’ என்று எழுதி நின்றது.

மறுநாள் காலையே இண்டர்நெட் இணைப்புக்காரர் புதிய மோடத்தோடு வந்துவிட்டார். லீலாவின் போனில் என்னிடம் பொறுமையாக விளக்கினார். வைஃபையின் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே புதியதில் போட்டால் கேமராக்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வேறு பாஸ்வேர்டு போட்டால் ஒவ்வொன்றையும் ஏணி வைத்து இறக்கி, அப்பாவின் கணக்கைத் திறந்து, முதலிலிருந்து சேர்க்கவேண்டும். என் போனில் பார்க்க மட்டும்தான் முடியும், கணக்கு அப்பாவின் போனில் இருந்தது. அந்தப் போனில் இருந்ததை எல்லாம் அழித்து உறவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். வைஃபையின் பெயர் எல்லோருக்கும் தெரியும், எங்கள் வீட்டுப் பெயர்தான் அது. பாஸ்வேர்டை அப்பா யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் அவர்களுடைய போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் தானே அடித்துத் திருப்பிக் கொடுப்பார். கடைசியாக நான் ஊருக்குப் போயிருந்தபோதும் அப்படித்தான் செய்தார். எனக்கென்ன தெரியக்கூடாதா என்று கேட்டதற்கு, ஒனக்குக் கிட்டுதுல்லா, அது போதும் என்றார்.

நாங்கள் ஊகிக்க ஆரம்பித்தோம். இணைப்புக்காரர் தன் மடிக்கணினியில் ஒவ்வொன்றாக மோடத்தில் போட்டுக் கேமரா வருகிறதா என்று காத்திருப்பார். என் பெயரைப் போட்டோம். அம்மாவின் பெயர், என் மகனின் பெயர், வீட்டு எண், அப்பாவின் பழைய ஸ்கூட்டர் எண், அவர் மாதம் தவறாமல் போன, செங்கல் என்ற ஊரில் இருக்கும் கோயிலின் பெயர். ஒன்றும் வரவில்லை. லீலா அம்மாவிடமே கேட்டுப் பார்த்தாள். அம்மா நன்றாக யோசித்துவிட்டு, அதெல்லாம் அவருக்குத் தெரியும், வந்ததும் கேக்கலாம் என்றாளாம். இரண்டு நாள் பார்ப்போம், கிடைக்காவிட்டால் ஏணி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கச் சசியண்ணனிடம் சொன்னேன். நாளைக்கு வாங்கி வாறேன் என்றான்.

அடுத்த நாள் வேலைக்கு நடுவிலும் என் புத்தி அதிலேயே கிடந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு வார்டின் பொறுப்பாளர் மோரின் என்ன விஷயம் என்று விசாரித்தாள். என் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று என்றேன். மோரின் நல்லவள். அவள் முகம் தெளிந்தது. அதற்கா இவ்வளவு, வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திருப்பிப் பார், அடியில் ஒட்டியிருப்பார்கள், எல்லாம் கிராண்ட் என்றாள். இங்கே எல்லாமே கிராண்ட், சரியாக இருக்கிறது என்பதற்கு இவர்கள் சொல்லும் சொல். மழை நின்றாலும் கிராண்ட், கட்டு அவிழ்த்த புண் ஆறியிருந்தாலும் கிராண்ட். அவள் சொன்ன வீடு இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு. ஹோம் என்று நான் சொன்னால் அவளுக்கு அதுதான் தெரியும். திருத்துவதற்கு எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இந்தத் திருத்தும் வேலை எனக்குப் பழகிப் புளித்துப்போனது. இங்குள்ள மலையாள நர்சுகள் நான் இரண்டு வாக்கியம் பேசியதும், நீ தமிழா என்று கேட்பார்கள். பொங்கலுக்குக் கூடும் தமிழ்க் குடும்பங்களில் நான் வாயைத் திறந்ததும், நீங்க கேரளாவா என்பார்கள். இரண்டு இடத்திலும் ஆமாம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளத்தில் மனு எழுதி, இரண்டிலும் மார்க் வாங்கிய எங்கள் எல்லைக் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தால் சாயா ஆறிவிடும்.

அன்று மதியம் போன் அதிர்ந்தபோது கேமராதான் வந்துவிட்டது என்று நினைத்து எடுத்தேன். லீலா.

“சேச்சி, அம்மைய காணல்ல. மழ வருதுண்ணு துணி எடுக்கப் போனேன், அந்த நேரமாக்கும். சசியண்ணன் வண்டிய எடுத்துட்டுத் தேடப் போயிருக்கு.”

அவள் குரலில் அழுகை இல்லை, மூச்சிரைப்பு மட்டும் இருந்தது. ரப்பர் தோட்டம் முழுக்க ஓடியிருக்கிறாள் என்று புரிந்தது. மோரினிடம் போய், என் அம்மா காணாமல் போய்விட்டாள் என்றேன். இதை அவள் சரியாகப் புரிந்துகொண்டாள். என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, கிளம்பு என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து “சேஃப் ஹோம்” என்றாள். பத்திரமாக வீடு போய்ச் சேர் என்று இந்த ஊரில் எல்லோரையும் வழியனுப்பும் வார்த்தை அது. அன்று அதைக் கேட்டுக்கொண்டே லீலாவை மறுபடி போனில் அழைத்தேன்.

அந்த வாடகை வீட்டில் நான் என்ன செய்திருக்க முடியும்? போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். என்னோடு வேலைபார்க்கும் லிசெல் மட்டும் பின்னாலேயே வந்துவிட்டாள். பிலிப்பைன்ஸ்காரி. அவளிடம் நான் அழுதுகொண்டே, வீட்டு பாஸ்வேர்டு கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது என்றேன். எந்த வீடு என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை இந்த நாட்டில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொன்னேன். அங்கே போயிருந்தபோது இதே போனில்தான் வைஃபை பயன்படுத்தினாயா என்றாள். ஆமாம் என்றேன். போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், சேமித்து வைத்த இணைப்புகள் என்ற இடத்தைத் திறந்தாள். இந்தப் போன் இதுவரை ஒட்டிக்கொண்ட எல்லா இடங்களின் பெயர்களும் அங்கே இருந்தன. விமான நிலையங்கள், முதியோர் இல்லம், எப்போதோ காப்பி குடித்த கடை. நடுவில் எங்கள் வீட்டுப் பெயர். அதைத் தொட்டு, பகிர் என்பதை அழுத்தினாள். என் விரல் ரேகையைக் கேட்டது. வைத்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது, அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு சொல்.

rubber105

ரப்பர் நட்டவர்களுக்குத் தெரியும், நூற்றைந்து என்பது ஒரு கன்று வகை. அப்பா கிழக்கு வளவில் வரிசையாக நட்ட மரம், பால் கொடுத்து எங்களை வளர்த்தது. என் பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, சாமி பெயரும் இல்லை. எனக்கு ஒரு நொடி கோபம்கூட வந்தது. ஊரிலும் இங்கேயுமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த இரண்டு நாளும் அது என் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது.

சசியண்ணனுக்கு அனுப்பினேன். இணைப்புக்காரரும் தேடுகிறவர்களோடுதான் இருந்தார். அவர் வந்து அடித்த உடனே எல்லாக் கேமராவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறந்தது. இருட்டிவிட்டிருந்தது. முற்றத்தில் மழை. டார்ச்சுகளோடு ஆண்கள் நின்றார்கள். ‘கேட் அருகே ஒரு நபர்’ என்று போன் அதிரத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர், சசியண்ணன், ஒரு போலீஸ்காரர், மறுபடி சசியண்ணன். போனை மடியில் கவிழ்த்துவைக்க என்னால் முடியவில்லை. லிசெல்தான் அறிவிப்பை நிறுத்தினாள்.

மறுநாள்தான் அம்மா கிடைத்தாள். கேரளப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கெல்லாம் தகவல் போயிருந்தது. ஆனால் அம்மா ஜங்ஷனில் நின்ற பஸ்ஸில் ஏறி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் களியக்காவிளையில் இறங்கியிருக்கிறாள். நடந்திருக்கிறாள். மழையில் ரோட்டோர ஓடைக்குள் விழுந்து கிடந்தவளை யாரோ தூக்கிக் குழித்துறையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் அவள் பெயர் தெரியாத ஒரு கிழவி, இந்தப் பக்கம் காணாமல் போன ஒரு அம்மா. இரண்டும் ஒன்று என்று சேர்த்துப் பார்க்க ஒரு இரவு கழிந்துவிட்டது. அம்மா பிறந்தது மார்த்தாண்டம் பக்கம் என்பது சசியண்ணனுக்கு விடியும்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அவன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினான்.

“சித்தி கிட்டியாச்சு மக்கா,” என்றான் போனில். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான், “உயிரு உண்டு.”

அந்தச் சொல்லின் அளவு எனக்கு விளங்கியது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரவெல்லாம் நனைந்ததில் நெஞ்சில் சளி. நான் போய்ச் சேரும்போது அறுவை முடிந்திருந்தது. முதியோருக்கு இடுப்பு முறிந்தால் பிறகு என்ன ஆகும் என்பது என் தொழில். தினமும் அடுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பக்குவமாக நான் எடுத்துச் சொல்வது. எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். லீலா என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். ஒருநாள் அவளை உட்காரவைத்து, நீ என்ன செய்வாய், துணி எடுக்காமல் இருக்கமுடியுமா என்றேன். அப்போதுதான் அழுதாள். பூட்டு வாங்காமல் போனதைச் சசியண்ணன் தானாகவே எடுத்துப் பேசினான். கேமரா இருந்திருந்தாலும் சித்தி போவாளாக்கும், நீ அங்கேயிருந்து பாத்துட்டு இருப்ப, அவ்வளவுதான் என்றும் சொன்னான். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. கேமராக்கள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. அம்மா நடப்பதில்லை.

விடுப்பு தீர்ந்து நான் கிளம்பிய நாள் காலையில் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, புதுத் துணி மாற்றி, புண் வராமல் இருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தொழில் தெரிந்த கை என்பதால் வலிக்கவில்லை போலிருக்கிறது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு மரியாதையாக அவள் என்னைப் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆபீசர், டாக்டர், நர்சு என்று வெளியாட்களிடம்தான் அம்மா மலையாளம் எடுப்பாள். என்னிடம் மலையாளத்தில் பேசினாள்.

“சிஸ்டரே, எனிக்கொரு மோளுண்டு, தூரெயா. அவள் வரும்பம் என்னெ ஒந்நு உணர்த்தணே.”

தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள், வரும்போது தன்னை எழுப்பிவிடவேண்டும் என்று கேட்கிறாள். நான்தான் உன் மகள் சுஜா என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். முந்தைய நாட்களில் பலதடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் பயந்துபோனதுதான் மிச்சம்.

“உணர்த்தாம் அம்மே,” என்று மலையாளத்திலேயே ஒத்துக்கொண்டேன்.

அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே சசியண்ணன் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தான். வீட்டை விட்டு இறங்கும்போது வாறேன் என்று சொல்லாமல் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. தமிழில் சொன்னால் அவள் கண் திறந்துவிடுவாளோ, அல்லது கேட்டும் திறக்காமலே கிடப்பாளோ, எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது. சொல்லாமல் படியிறங்கினேன்.