அக்காவின் படிப்புக் கடன்

எழுபதுகளின் கடைசியில் என் அக்கா அரசாங்கக் கடன் வாங்கி, திருச்சியில் பி.எஸ்ஸி. முடித்தாள். ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி அவள்தான். வேலை கிடைக்கும் முன்பே கடனைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்பாவுக்கு முந்திரிக் கொல்லையில் கூலி வேலை. அக்கா அம்மாவோடு டவுன் ஆபீசுக்குப் போய், "இன்னும் வேலை கெடைக்கலைங்க சார், தள்ளுபடி பண்ணுங்க" என்று கேட்டாள். விதியில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் அக்கா மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். மறுபடி நோட்டீஸ் வந்தபோது நாங்கள் மூவரும் அதே ஆபீசுக்குப் போனோம்.

"இறப்புச் சான்றிதழைக் குடுங்க. முழுசா தள்ளுபடி ஆயிடும்" என்றார் குமாஸ்தா, இரக்கத்தோடுதான்.

அப்பா சான்றிதழை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட வந்து கேட்டப்ப முடியாதுன்னீங்களே சார். இப்ப யாருக்குங்க தள்ளுபடி?"

"ரூல் அப்படிம்மா."

"வேலை குடுக்க முடியலன்னா அப்பவே விட்டுருக்கணும். எம்புள்ள கடைசி வரைக்கும் அதயே நெனச்சுக் கெடந்தா."

"விடு புள்ள, நம்மளால கட்ட முடியாது" என்றார் அப்பா.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். அப்பா சான்றிதழைக் கொடுத்து, தள்ளுபடி மனுவில் கைநாட்டு வைத்தார். ஊர் திரும்பிய பஸ்ஸில் கூட்டமே இல்லை. இருந்தும் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தேன்.